முள்ளை எடுத்துவிட்டு வரைந்த வாசல்

பேசாமல் இருக்கத் தெரியாத ஆள் நான். போளூரில் வண்டிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த ஆறு வருஷமும் பிரஷ் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். வருகிறவர்கள் யாராவது ருசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பெயிண்ட் கையோடு ஒரு நோட்டில் அதை எழுதி வைத்துக்கொள்வேன். "எட்டை நல்லா குண்டா போடு தம்பி, போலீசு தூரத்துலயே படிச்சிட்டுப் போவட்டும், கிட்ட வர வேணாம்" என்று ஒரு லாரிக்காரர் சொன்னது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே அவருடைய மீசையையும் வரைந்து வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன், இருபத்தைந்து வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, பல்கலைக்கழகத்து ஓவியத் துறைக்குள் காலை வைத்ததும் ஊமையாகிவிட்டேன். அங்கே வரைந்ததைச் சுவரில் குத்திவிட்டு, அதன் முன்னால் நின்று பேச வேண்டும். கூடப் படித்த பிள்ளைகள் என்னைவிட ஏழு வயது சின்னவர்கள். பாதி இங்கிலீஷில் மளமளவென்று பேசுவார்கள். என் முறை வந்தால் "இது பஸ் ஸ்டாண்டு சார்" என்பேன். அதற்குமேல் எனக்கு வராது. வாத்தியார் "சரி, பஸ் ஸ்டாண்டுன்னு தெரியுது" என்பார். அவ்வளவுதான் அன்றைக்கு என் பேச்சு.

ஆனால் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வாயால் இல்லை, கட்டை விரலால். படத்துக்கு முன்னால் வந்து நிற்பார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி, படத்தில் ஏதாவது ஒரு இடத்தை மறைப்பார். "இது இல்லாம பாரு" என்பார். பார்த்தால் நிஜமாகவே படம் மூச்சு விடும். எதை வரைவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. எதை விடுவது என்றுதான் நான்கு வருஷம் படித்தேன்.

படித்தேன் என்று சொல்கிறேனே தவிர, எனக்கு அது வரவில்லை. நம்பர் எழுதி வந்த கை இது. பிளேட்டில் ஒரு எண்ணை விட்டுவிட்டால் அது வேறொருவன் வண்டியாகிவிடும். கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டு வரைய என் கைக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். வகுப்பில் மேஜைமேல் குடம், துணி, வெங்காயம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு வெங்காயம் வேண்டாம் என்றால், எழுந்து போய் வெங்காயத்தையே எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து வரைவேன். "இவன் வூட்ட வரையச் சொன்னா வூட்டயே காலி பண்ணிடுவான்" என்று கூடப் படித்த ஒருத்தி சொன்னாள். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன். அவள் சொன்னது என்றைக்காவது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசி வருஷம் ஒவ்வொருவரும் பத்துப் படங்கள் வைக்க வேண்டும். நான் என் ஜனங்களை வரைவது என்று முடிவு செய்தேன். ஜவ்வாது மலையில் பதினொரு வீடு உள்ள ஊர் எங்களுடையது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முகம், அந்த முகம் சொன்ன ஒரு வார்த்தை. மனதுக்குள் எல்லாம் தயார். பொங்கல் கழித்து ஒரு மாதம் ஊரில் உட்கார்ந்துவிடுவது என்று போளூரிலிருந்து பஸ் ஏறினேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி, பலகையும் பெட்டியும் தோளில் தொங்க, மூன்று மணி நேரம் நடந்தேன்.

ஊரில் ஆள் இல்லை.

எங்கள் ஊர் ஜனங்கள் சாமை அறுத்து முடித்து, ஒவ்வொரு வருஷமும் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போவார்கள். அது எனக்குத் தெரியாதது இல்லை. மாசி பிறந்துதான் போவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். இந்த வருஷம் பழம் முன்னாடியே பழுத்துவிட்டதாம். நான் வருவதற்கு இரண்டு நாள் முன்பே வேன் வந்து, என் அப்பா அம்மா உட்பட எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபிறகு, சொல்வதற்கு அம்மா போன் போட்டாளாம். மலையில் ஏறிக்கொண்டிருந்த என் போனுக்கு எங்கே டவர்?

பதினொரு வீட்டில் பத்து வீட்டு வாசலில் முள் கட்டியிருந்தது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரே கிளம்பும்போது ஒரு வீட்டார் மட்டும் முறை வைத்துக் காவலுக்கு நிற்பார்கள். எல்லோருடைய ஆடும் அவர்கள் பொறுப்பு. மற்ற வீடுகள் பலதிலும் மூங்கில் தட்டிதான் கதவு. ஆடு முட்டினால் திறந்துகொள்ளும். அதனால் சூரை முள்ளை வெட்டி வந்து, வாசலுக்குக் குறுக்கே வைத்துக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டுவதில் வீட்டுக்கு வீடு ஒரு தினுசு. எங்கள் அப்பா அடித்தண்டை இடது பக்கம் வைத்து ஒரே முடிச்சாகப் போடுவார். இன்னொரு வீட்டில் மேலே ஒன்று கீழே ஒன்று. முள்ளைப் பார்த்தே இது யார் வீடு என்று சொல்லிவிடலாம்.

இந்த வருஷம் காவல் முறை கடைசி வீட்டு அத்தைக்கு. அத்தை என்றதும் தலை நரைத்த ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். முறைக்குத்தான் அத்தை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். மாமாவும் பிள்ளைகளும் வேனில் போய்விட, இவர் மட்டும் அறுபது ஆட்டோடு நின்றிருந்தார். தோளில் பலகையோடு வந்து நின்ற என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா மருமவனே, ஊர் காலியானப்புறம் ஆள வரைய வந்த ஒரே ஆளு நீதான்டா."

"நீங்க இருக்கீங்களே அத்தே. ஒக்காருங்க, வரையறேன்."

"நான் ஒக்காந்தா அறுவது ஆட்ட யாரு மேய்க்கறது, உங்கப்பனா?"

கெஞ்சி ஒருநாள் காலையில் பத்து நிமிஷம் உட்கார வைத்தேன். ஐந்தாவது நிமிஷம் குட்டி ஒன்று கத்த, எழுந்துவிட்டார். போகிற போக்கில் தாளை எட்டிப் பார்த்தார். "எம்மூக்கு இவ்ளோ பெருசா? உங்க மாமனுக்குக் காட்டிடாதடா, அப்பால வூட்டாண்ட வரவே மாட்டான்." அது ஒன்றுதான் அந்த மாதம் என் நோட்டில் ஏறிய வார்த்தை.

காலை ஏழரைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் அத்தை பொழுது சாயத்தான் வருவார். அதற்கு நடுவில் நானும் பதினொரு வீடும்தான். எங்கள் வீட்டில் முள்ளை அவிழ்த்து உள்ளே போய்க் கஞ்சி வைத்துக் குடிப்பேன். தைப் பனி பத்து மணி வரைக்கும் புளியமரத்தை விட்டு இறங்காது. காகிதத்தில் நீர்வண்ணம் காயவே காயாது. காயும் வரைக்கும் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பதுதான் என் பழக்கம். இங்கே யாரிடம்? ஒருநாள் என்னையறியாமல் "இன்னாப்பா, காயறியா இல்லியா" என்று காகிதத்திடம் கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ கேட்டது மாதிரி இருந்தது. அதன்பிறகு பேசவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பேருக்கு நடுவில் இருந்த தனிமைக்கான பழியை நான் மொழிமேல் போட்டிருந்தேன். ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஊரிலும் அதே தனிமைதான் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

முகம் இல்லை என்றால் வாசலாவது வரைவோம் என்று ஆரம்பித்தேன். மூன்று வாசல் வரைந்தேன். நாலாவது, மேல் வீட்டு அண்ணியுடையது. என் நோட்டில் பாதிக்குமேல் அந்த அண்ணி சொன்ன வார்த்தைகள்தான் இருக்கும். அவர்கள் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டு நிலைக்கு நீலம் அடித்து, மேலே இரண்டு கிளி எழுதிக் கொடுத்தவன் நான். பிரஷ் பிடித்து நான் செய்த முதல் வேலை அது. "கிளிக்கு ரெண்டுத்துக்கும் சண்டை போல, ஆளுக்கொரு பக்கம் பாக்குது" என்று அண்ணி சொன்னதும் நோட்டில் இருக்கிறது.

அது கிழக்குப் பார்த்த வாசல். பனி விலகி, பத்து மணி வெயில் அந்த நீலத்தில் விழும்போது சுவரே ஈரமானது மாதிரி தெரியும். ஆனால் குறுக்கே முள். கிளியும் தெரியவில்லை, நீலமும் கோடு கோடாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. தூரத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி முள்ளை மறைத்துப் பார்த்தேன். படம் மூச்சு விட்டது.

முள்ளை விட்டுவிட்டு வரைந்திருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நான் போய்க் கட்டை அவிழ்த்து, முள்ளை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு நடுப்பகலில் அப்பா போன் செய்வார். டவர் கிடைப்பது ஊருக்கு மேலே உள்ள ஒரே ஒரு பாறையில்தான். படம் நன்றாக வந்துகொண்டிருந்ததால் நேரம் போனது தெரியவில்லை. திடுக்கென்று ஞாபகம் வந்து, பலகையை அள்ளிக்கொண்டு பாறைக்கு ஓடினேன். அந்த வாரத்தில் நான் கேட்கப்போகும் ஒரே வெளிக்குரல் அது. "சாப்டியா? குளிருதா? சரி வச்சிர்றேன்" என்பதுதான் அப்பாவின் பேச்சு. அதற்காக அரை மணி நேரம் ஏறினேன். பேசி முடித்தும் இறங்க மனசில்லாமல் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நேராக எங்கள் வீட்டுக்குப் போய்ப் படத்தை முடித்தேன். முள் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

பொழுது சாய்கிற நேரம் அத்தையின் சத்தம் கேட்டது. ஆட்டை அதட்டும் சத்தம் இல்லை அது. ஓடினேன். அண்ணி வீட்டுத் தட்டி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. மந்தையை விட்டு முன்னாலேயே இறங்கி வந்துவிட்ட ஆறேழு ஆடுகள் உள்ளேயிருந்து வாயை அசைத்துக்கொண்டு வெளியே வந்தன. உள்ளே விதைச் சாமைக் கூடை உருண்டு கிடந்தது. பூச்சி வராமல் இருக்க அதன் வாயில் வேப்பந்தழை வைத்துக் கட்டியிருந்திருக்கிறார்கள். அந்தத் தழைக்குத்தான் ஆடு போயிருக்கிறது. தழையோடு சாமையும் போய்விட்டது. தின்றது போக மிச்சம் மண் தரையிலும், விரிசலிலும், புழுக்கையிலும் சிதறிக் கிடந்தது.

அத்தை என்னைத் திட்டவில்லை. சாய்த்து வைத்திருந்த முள்ளைப் பார்த்தார், என் கையில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தார்.

"காவ முறை என்துடா," என்றார். "அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தி காவல்ல ரெண்டு கோழி காணாமப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் அவ எதுனா பேச வாயத் தொறந்தா, 'போய் கோழியப் பாருடி'ன்றாங்க. இது வெத. இதுக்கு என்னைய இன்னான்னு சொல்வாங்க?"

"எங்க வூட்டு விதைய எடுத்துக் குடுத்துடறேன் அத்தே."

"உங்குளுது பெருஞ்சாம. ரொம்ப நாள் நின்னு வெளையும். அவங்க காட்டுல மண்ணு ஆழமில்ல, மழ நின்னா காஞ்சிடும். அதுக்கு சிட்டஞ்சாமதான் ஆவும். வர்ணம்லாம் தெரியுது, இது தெரியாதா ஒனக்கு?"

தெரியாது. சாமை என்றால் எனக்குச் சாமை. மறுநாள் பக்கத்து ஊருக்கு நடந்து போய்க் கேட்டேன். அங்கேயும் வாசலெல்லாம் முள். காவலுக்கு இருந்த இரண்டு வீட்டிலும் பெருஞ்சாமைதான். ஆக, ஆடி மாதம் அண்ணி வீட்டுக் காட்டில் விழவேண்டிய விதை என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தத் தரையில் சிதறியதுதான்.

துடைப்பத்தால் கூட்டினால் மண்ணோடு சேர்ந்து வந்துவிடும். விரிசலுக்குள் போனது வராது. எள்ளளவுகூட இருக்காது சாமை. கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய் என் பிரஷ்களை எடுத்து வந்தேன். தரைக்கு இரண்டு அங்குலத் தட்டை பிரஷ். சுவர் ஓரத்துக்கு நடுத்தரமானது. விரிசலுக்கு, அணில் முடி வைத்த மெல்லிய பிரஷ். நான்கு மாதம் பார்ட்-டைம் வேலை செய்து வாங்கியது, அதுவரைக்கும் ஒருநாள்கூடத் தரையில் வைத்ததில்லை. அதை நனைத்துப் பிழிந்து, நுனியை விரிசலுக்குள் விட்டு, ஒவ்வொரு மணியாக இழுத்தேன். முறத்தில் போட்டுப் புடைத்தேன். கல்லைப் பொறுக்கினேன்.

மூன்று நாள். குப்புறப் படுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. கன்னம் தரையில் இருக்க, கண் முன்னால் அந்த வாசற்படி. வெயில் நுழைவதும், நீலத்தின் நிழல் தரையில் நகர்வதும், சாயங்காலம் படி முதலில் பழுப்பாகி அப்புறம் கறுப்பாவதும் பார்த்தேன். சாமை ஒரே நிறம் இல்லை. வைக்கோல் நிறம், சாம்பல் நிறம், நடுவில் எண்ணெய் தொட்டது மாதிரி ஒரு மினுக்கு. நான்கு வருஷ வகுப்பில் எந்தப் பொருளையும் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. பார்த்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அத்தை எட்டிப் பார்த்தார். "படத்துக்குத் தூசு தட்றியா?" என்றார். அப்புறம் அவரும் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பொறுக்கினார். கூடையில் பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. அதற்குமேல் தரையில் ஒன்றும் இல்லை.

"நான் சொல்லிர்றேன் அத்தே. உங்க பேர் வராது."

"சொல்லு பாக்கலாம்," என்று எழுந்துவிட்டார். நம்பினாரா இல்லையா தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பாறைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே போய் உட்கார்ந்தேன். இவ்வளவு பேசுகிற எனக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. அப்பா பேசியதும், அதே தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் தங்கியிருந்த அண்ணியைக் கூப்பிடச் சொன்னேன்.

"இன்னா தம்பி, என்னைய வரையணுமா? போன்லயா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

சொன்னேன். முள்ளை எடுத்தது நான். கட்ட மறந்தது நான். அத்தை ஆட்டோடு மேலே இருந்தார். விதை பாதிகூட இல்லை. அவ்வளவுதான் என் வாக்கியங்கள்.

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது.

"முள்ள எதுக்குடா எடுத்தே?"

"கிளி தெரியல அண்ணி."



"இத நீயே உங்கண்ணங்கிட்ட சொல்லு. நான் சொன்னா, அத்தைக்கு வக்காலத்து வாங்கறேன்னு நெனைப்பாரு. இரு, குடுக்கறேன்."

அண்ணனிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "மிச்சம் இருக்கறத ஈரம் படாம வச்சியா?" வைத்தேன் என்றேன். "சரி, முள்ளக் கட்டு" என்று வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம். அத்தையிடம் வந்து சொன்னேன். "உன் வாயாலயா சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்று சாயங்காலம் எனக்கும் சேர்த்துக் களி கிண்டியிருந்தார்.

முள்ளை நானே கட்டினேன். நாலு தடவை அவிழ்த்துக் கட்டியும் அண்ணன் கட்டு வரவில்லை. அதன்பிறகு அந்த வாசலை இன்னொரு முறை வரைந்தேன். இந்த முறை முள்ளோடு.

மாதம் முடிந்து, அவர்கள் திரும்பி வருவதற்கு முன்பே நான் இறங்கிவிட்டேன். வகுப்பு ஆரம்பித்துவிட்டது என்பது ஒரு காரணம். அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதது இன்னொரு காரணம்.

சித்திரையில் படங்களைச் சுவரில் மாட்டினார்கள். பத்தும் வாசல்தான். மற்றவர்கள் சுவர் முன்னால் அப்பா, அம்மா, அக்கா என்று கூட்டமாக நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் சுவர் முன்னால் நான் நின்றிருந்தேன். வாத்தியார் வந்தார். "மனுசங்கன்னு சொல்லிட்டுப் போனே, எங்க?" என்றார். "வேலைக்குப் போயிருக்காங்க சார்" என்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் நீல வாசலுக்கு முன்னால் நின்றார். ஒற்றைக் கண்ணை மூடினார். கட்டை விரலை நீட்டி முள்ளை மறைத்தார்.

"இது இல்லாம..." என்று ஆரம்பித்தார்.

"கைய எடுங்க சார்," என்றேன். "ஆடு உள்ள போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார். நான்கு வருஷத்தில் என் படத்துக்கு முன்னால் நின்று நான் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

அதன்பிறகு, படித்த பட்டணத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் படம் எழுதும் வேலை கிடைத்தது. ஆடி விதைப்புக்குப் போகவில்லை. ஆவணியில் ஒருநாள், சாரத்தின்மேல் நின்று ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. கையெல்லாம் மஞ்சள், விரல் முட்டியால் அழுத்தினேன். அண்ணியிடமிருந்து ஒரு போட்டோ, கூடவே பேசி அனுப்பியது ஒன்று. போட்டோவில் அவர்கள் காடு. சாமை முளைத்துப் பச்சையாக நிற்கிறது. கீழ்ப்பக்கம் பாதிக் காடு வெறும் செம்மண்.

"பாத்துக்க தம்பி. இருந்தத மேல்பக்கம் வெதச்சிட்டோம். கீழ கேவுரு நடலாம்னு உங்கண்ணன் சொல்றாரு. நான்தான் இருக்கட்டும்னு விட்டு வச்சிருக்கறேன். யாருனா 'ஏன் காலியா கீது'ன்னு கேட்டா, 'அது எங்க தம்பி வரைஞ்சிட்டு எடுத்துனு போன எடம்'ன்றேன். அத்தைய யாரும் ஒண்ணும் சொல்லல. நீ எப்ப வர்றே? கிளி சாயம் போவுது."

சாரத்தைவிட்டு இறங்காமலே இன்னொரு தடவை கேட்டேன். நோட்டு கீழே பையில் இருந்தது. மறந்துவிடப் போகிறது என்று, ஒட்டகச்சிவிங்கி வரவேண்டிய இடத்திலேயே பென்சிலால் அவர் சொன்னதை எழுதிவைத்தேன். சாயங்காலம் கூட வேலை செய்கிறவர்கள் அதன்மேல் மஞ்சள் அடித்துவிட்டார்கள்.

ஊருக்குப் போக நீல பெயிண்ட் டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.